61 நாள் நிற்கும் விசைப்படகு: இன்ஜினைத் துரு தின்னாமல் பார்த்துக்கொள்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கரையில், அதாவது குளச்சல், தேங்காய்ப்பட்டினம் பக்கம், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த நாட்களில் காசிமேட்டிலிருந்து ராமேசுவரம் வரை எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் வேலை மும்முரமாக நடக்கும். பலகை மாற்றுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், வலை கோப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் வேலை எல்லாம் நடந்துவிடும். இன்ஜின் மட்டும் "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு" என்ற நம்பிக்கையில் மூடிக் கிடக்கும். ஜூன் மாதம் மெக்கானிக்குக்கு வரும் போன்களில் பாதி அந்த நம்பிக்கையால் வருவதுதான். படகு உரிமையாளர்களும் டிரைவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஓடாத இன்ஜின் எப்படிக் கெடும்? தேய்மானமே இல்லையே?

தேய்மானம் இல்லைதான். ஆனால் ஓடும்போது கிடைக்கும் பாதுகாப்பும் இல்லை. ஓடும் இன்ஜின் சூடாக இருக்கும், அதன் மேல் ஈரம் தங்காது. உள்ளே எல்லா இடத்திலும் ஆயில் படலம் இருக்கும். நிறுத்திய சில நாளில் அந்தப் படலம் வழிந்து கீழே இறங்கிவிடும். சிலிண்டர் சுவர், கேம் ஷாப்ட், வால்வு தண்டு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெறும் இரும்பாகிவிடும்.

அடுத்து ஈரம். சுத்தமான இரும்பில், காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டும்போது துரு வேகம் எடுக்கிறது. நம் கடற்கரையில் கோடையிலும் பெரும்பாலான நேரம் அதற்கு மேல்தான் இருக்கும். இரவில் குளிர்ந்த இன்ஜின் பிளாக், காலையில் காற்று சூடான பிறகும் கொஞ்ச நேரம் குளிர்ந்தே இருக்கும். அந்த நேரத்தில் அதன் மேல் நீர் கோத்துக்கொள்ளும். விடிந்ததும் இன்ஜின் ரூமுக்குள் இறங்கி பிளாக்கைத் தடவிப் பாருங்கள், கை நனையும். இன்ஜினுக்கு உள்ளேயும் அதே கதைதான்.

மூன்றாவது, உப்பு. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிகிறதே, அதே சங்கதிதான் இங்கும். சாதாரண உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே அந்த வேலையைச் செய்யும். அதனால் உப்பு படிந்த இரும்பு நம் ஊர்க் காற்றில் முழுதாகக் காய்வதே கிடையாது. வெயில் கொளுத்துகிற நாளிலும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதன் மேல் இருக்கும்.

அப்படியானால் முதலில் செய்ய வேண்டியது எது?

உப்பைக் கழுவுவது. கிரீஸ் தடவுவதும் ஸ்பிரே அடிப்பதும் அதற்கு அப்புறம்தான். உப்பின் மேல் கிரீஸ் தடவினால், உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் அர்த்தம்.

நல்ல தண்ணீரில் துணியை நனைத்து இன்ஜினின் வெளிப்புறம், பைப், பிராக்கெட், ஃபவுண்டேஷன் போல்ட் எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். குடத்தில் மொண்டு ஊற்றுவதும் வேண்டாம், பிரஷர் வாஷரும் வேண்டாம். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், ஒயர் கனெக்டர் உள்ளே தண்ணீர் போனால் துருவை நாமே அழைத்து வந்த மாதிரி. துடைத்துவிட்டு ஒரு நாள் காயவிட்டு, அதன் பிறகு மேலே மெல்லிய ஆயிலோ துரு தடுப்பு ஸ்பிரேயோ அடிக்கலாம்.

படகின் அடிக்குழியான பில்ஜில் கிடக்கும் தண்ணீரை மறந்துவிடாதீர்கள். இன்ஜினுக்கு நேர் கீழே ஒரு ஜாண் உப்புத்தண்ணீர் நின்றுகொண்டிருந்தால், மேலே நீங்கள் எதைத் தடவினாலும் ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். இறைத்து, நல்ல தண்ணீர் விட்டு அலசி, மறுபடி இறைத்து, துணியால் ஒற்றி எடுங்கள். மரப்படகில் பலகையே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் இன்னும் கவனம் வேண்டும்.

ஆயிலைத் தடை முடிந்ததும் மாற்றினால் போதாதா? புது ஆயில் 2 மாதம் சும்மா கிடந்து வீணாகுமே?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஓடிய ஆயிலில் எரிந்த டீசலின் கரி இருக்கும், தண்ணீர் இருக்கும், அமிலமும் இருக்கும். 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் டீசலில் கந்தகம் 10 பிபிஎம் அளவுக்குக் குறைந்துவிட்டது. அதனால் பழைய நாட்களைப் போலக் கந்தக அமிலம் சேர்வதில்லை. ஆனால் ஆயிலே சூட்டில் பழையதாகும்போது உண்டாகும் அமிலம் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. அந்த ஆயிலில் பேரிங் ஷெல் 2 மாதம் ஊறினால் அதன் மேல்பூச்சு அரிக்கும்.

கடைசித் தங்கல் (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் பயணம்) முடிந்து வந்ததும், இன்ஜின் சூடாக இருக்கும்போதே பழைய ஆயிலை வடியுங்கள். சூட்டில் வடித்தால் கரியும் சேர்ந்து வரும், ஆறவிட்டால் அடியில் தங்கிவிடும். ஃபில்டரையும் மாற்றி, புது ஆயில் ஊற்றி, ஒரு ஐந்து பத்து நிமிடம் ஓட்டி, புது ஆயில் எல்லா இடத்துக்கும் போனதும் நிறுத்துங்கள். புது ஆயில் வீணாகாது. தடை முடிந்ததும் அதிலேயே தொழிலுக்குப் போகலாம். செலவு ஒன்றுதான், நேரம்தான் மாறுகிறது.

கியர் பாக்ஸ் ஆயிலுக்கும் இதே கணக்கு. டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதன் கூலரில் எங்கோ ஓட்டை இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை.

வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து விடுகிறோம். அது நல்லதுதானே?

நல்லதில்லை. சும்மா நிறுத்தி வைப்பதைவிட மோசமாகக்கூட ஆகலாம்.

டீசல் எரிந்தால் தண்ணீர் உண்டாகும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். இன்ஜின் முழுச் சூட்டில் இருந்தால் அது புகைக்குழாய் வழியே போய்விடும். பத்து நிமிட ஐடிலில் இன்ஜின் சூடேறவே சூடேறாது. அந்த ஆவியில் கொஞ்சம் சிலிண்டர் சுவரிலும், ரிங் வழியே இறங்கி ஆயிலிலும், சைலன்சரிலும் நீராகத் தங்கிவிடும். எரியாத டீசலும் கரியும் அதனுடன் சேரும். இப்படி எட்டு வாரம் செய்தால், தடைக்கு முன் நீங்கள் மாற்றிய புது ஆயில் பழைய ஆயிலாகிவிடும்.

ஸ்டார்ட் செய்துதான் ஆக வேண்டும் என்றால் ஒழுங்காகச் செய்யுங்கள். படகு தண்ணீரில் இருக்க வேண்டும். கயிறுகளை நன்றாகக் கட்டிக்கொண்டு, கியர் போட்டு, லோடில் ஓட்டி, கூலன்ட் சூடு 75, 80 டிகிரிக்கு வந்த பிறகும் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பக்கத்தில் பத்துப் படகு நெருக்கி நிற்கும் துறைமுகத்தில் இது நடக்கிற காரியமா என்பது வேறு விஷயம். நடக்காது என்றால் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். கையால் சுற்றிவிட்டால் போதும்.

கையால் சுற்றுவதா? எப்படி, எதற்கு?

2 மாதம் ஒரே நிலையில் நின்ற இன்ஜினைப் பிரித்துப் பார்த்தால் சிலிண்டரின் உள்சுவரான லைனரில் ஒரு காட்சி தெரியும். பிஸ்டன் ரிங் எந்த உயரத்தில் நின்றதோ அந்த உயரத்தில், வட்டமாக, பென்சிலால் கோடு போட்டது போலத் துரு. விரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால் அந்த இடத்தில் தட்டும். ஓட்டிய பிறகு துரு போய்விடும், பள்ளம் போகாது. அந்தப் பள்ளம்தான் பின்னால் ஆயில் குடிக்கும். எல்லா சிலிண்டரிலும் ஒரே மாதிரி இருக்காது. எதில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் நின்றதோ அதில் அதிகமாக இருக்கும். புகைக்குழாய் வழியே வந்த கடற்காற்று நேராக அதற்குள்தான் போயிருக்கும்.

எனவே வாரம் ஒரு முறை கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜினைச் சுற்றுங்கள். அதற்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள், ஸ்டாப் லீவரை இழுத்து வையுங்கள், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். இன்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையில் 2 முழுச் சுற்று, கூடக் கால் சுற்று. அந்தக் கால் சுற்று முக்கியம். அது இல்லாவிட்டால் பிஸ்டன் பழைய இடத்திலேயே வந்து நிற்கும். எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு வாரமும் புல்லியில் சாக்பீஸால் தேதி எழுதிவைத்தால் அடுத்த வாரம் யார் வந்தாலும் குழப்பம் இருக்காது.

பெரிய கப்பல்களிலும் இதைத்தான் செய்கிறார்கள். அங்கே ஸ்பேனருக்குப் பதில் மோட்டார் வைத்த டர்னிங் கியர் இருக்கும், சுற்றும்போது ஆயில் பம்ப்பையும் ஓடவிடுவார்கள்.

சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றி வைக்கலாமா?

61 நாளுக்கு, ஆயில் மாற்றுவதையும் கையால் சுற்றுவதையும் ஒழுங்காகச் செய்தால், தேவை இல்லை என்பது என் கருத்து. 3 மாதத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் செய்யுங்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பூன் சுத்தமான இன்ஜின் ஆயில் விட்டு, கையால் இரண்டு சுற்று சுற்றி, புது காப்பர் வாஷர் போட்டு மூடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினின் காற்று வாயில் ஆயிலை ஊற்றவே கூடாது. டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுப்பாடில்லாமல் வேகம் பிடிக்கும். பிறகு ஸ்டாப் லீவரை இழுத்தாலும் நிற்காது. ஆயில் விட்ட இன்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் செய்யும் முன்பு கையால் சுற்றிப் பார்ப்பதும் கட்டாயம். தேங்கிய ஆயில் பிஸ்டனுக்கு மேல் அடைபட்டால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கடல்தண்ணீர் ஓடும் குழாய்களை என்ன செய்வது?

ஓடும் கடல்தண்ணீரைத் தாங்கும் உலோகங்கள் நிற்கும் கடல்தண்ணீரைத் தாங்குவதில்லை. கூலரில் இருக்கும் பித்தளை, காப்பர் நிக்கல் குழாய்களின் உள்பக்கத்தில் மெல்லிய காப்புப் படலம் ஒன்று இருக்கும். அதுதான் அவற்றைக் காக்கிறது. துறைமுகத் தண்ணீரின் நிலையை நான் சொல்ல வேண்டியதில்லை. மீன் கழிவும் சாக்கடையும் கலந்து, அடியில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அந்த வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது செம்புக் கலவைகளின் காப்புப் படலத்தைக் கெடுத்துவிடும். குழாய்க்குள் கருப்பாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் ஊசிக்குத்துப் போல ஓட்டை விழும்.

கடைசியாகக் கரைக்கு வந்ததும் அந்தத் தண்ணீரை உள்ளேயே வைத்து வால்வை மூடிவிட்டுப் போகாதீர்கள். கடல் வால்வை மூடி, ஸ்ட்ரெய்னர் வழியாக நல்ல தண்ணீர் கொடுத்துச் சில நிமிடம் ஓட்டி அலசுங்கள். பிறகு எல்லா டிரெயின் பிளக்கையும் திறந்து முழுதாக வடியுங்கள். கூலரின் இரண்டு மூடியையும் கழற்றிவிட்டால் குழாய்களைப் பிரஷ் போட்டுத் தேய்க்கவும் முடியும், உள்ளே காய்ந்தும்விடும். கூலரில், தன்னைக் கரைத்துக்கொண்டு அதைக் காக்கும் பென்சில் போன்ற ஜிங்க் இருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்ற வேண்டும்.

தண்ணீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லரைக் கழற்றி வைத்துவிடுங்கள். 2 மாதம் ஒரே பக்கமாக வளைந்து நின்றால் இறக்கைகள் அப்படியே நின்றுவிடும். கழற்றிய இம்பெல்லரை ஸ்டார்ட் சாவியுடன் சேர்த்துக் கட்டி வைப்பது சில டிரைவர்களின் பழக்கம். நல்ல பழக்கம். அதை மாட்டாமல் யாரும் ஸ்டார்ட் செய்துவிட முடியாது.

உப்புக்கறை போக ஆசிட் ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். கறையோடு உலோகத்தையும் தின்னும்.

நல்ல தண்ணீர் பக்கம்? அதையும் வடித்துவிடலாமா?

வேண்டாம். அங்கே கணக்கு தலைகீழ். கூலன்ட் கலந்த தண்ணீரைக் கழுத்து வரை நிரப்பி வையுங்கள். கூலன்டில் துரு தடுக்கும் மருந்து இருக்கிறது, அது படும் இடமெல்லாம் பாதுகாப்பாக இருக்கும். வடித்தால் எங்கோ ஒரு மூலையில் கொஞ்சம் தங்கும், மேலே காற்று நிற்கும். பாதி தண்ணீரும் பாதி காற்றும் சேரும் அந்தக் கோட்டில்தான் இரும்பு வேகமாக அரிக்கும். கூலன்ட் ஊற்றாமல் வெறும் போர் தண்ணீரில் ஓட்டுகிறவர்கள், குறைந்தது தடைக்காலத்துக்காவது அதை வடித்து அலசி, டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். கடற்கரை ஊர்களில் போர் தண்ணீரே பாதி உப்புத்தான்.

டீசல் டேங்க்கை நிரப்பி வைக்கவா, காலி செய்யவா?

நிரப்பி வைப்பது துருவுக்கு நல்லது. டேங்க்கில் காற்று இருக்கும் இடத்தில்தான் இரவில் நீர் கோக்கும். அது டீசலைவிடக் கனம் என்பதால் அடியில் போய்த் தங்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் அந்த இடத்தில் ஒரு வகைப் பூஞ்சை வளரும். டீசலே அதற்குச் சாப்பாடு. ஃபில்டரைப் பிரித்தால் கருப்பாகச் சளி மாதிரி வருகிறதே, அதுதான். ஃபில்டரை அடைப்பதோடு நிற்காமல் அமிலத்தை வெளியிட்டு டேங்க்கின் அடித்தகட்டையும் அரிக்கும்.

ஆனால் துறைமுகத்தில் ஆளில்லாத படகில் டேங்க் நிறைய டீசலை வைத்துவிட்டுப் போக எத்தனை பேருக்கு மனசு வரும்? பக்கத்துப் படகில் வெல்டிங் வேறு நடந்துகொண்டிருக்கும். பணமும் 2 மாதம் முடங்கும். அதனால் நான் சொல்வது: நிரப்ப முடிந்தால் நிரப்புங்கள், முடியாவிட்டால் முழுதாகக் காலி செய்து, அடியில் உள்ள கசடை வழித்தெடுத்து, துணியால் துடைத்து மூடுங்கள். ஆளை உள்ளே இறக்குவதாக இருந்தால் நன்றாகக் காற்றோட்டம் கொடுத்த பிறகுதான் இறக்க வேண்டும், மேலே ஒருவர் நிற்க வேண்டும். கால் டேங்க், அரை டேங்க் என்று விடுவதுதான் மூன்றிலும் மோசம்.

இன்ஜெக்டர் பம்ப்பிலும் பைப்பிலும் டீசல் நிரம்பியே இருக்கட்டும். அதை வடிக்காதீர்கள். நுணுக்கமான பாகங்கள் டீசலில் நனைந்திருந்தால் துருப்பிடிக்காது.

புகைக்குழாயை மூட வேண்டுமா?

கட்டாயம். ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை உண்டு, சில ஆண்டு புயலும் உண்டு. மேல்நோக்கித் திறந்திருக்கும் குழாயில் இறங்கும் மழை டர்போ வரை போகும், அங்கிருந்து திறந்த வால்வு வழியே சிலிண்டருக்கும். காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து வைப்பது நம் ஊர் வழக்கம். மழைக்கு அது போதும், ஈரக் காற்றுக்குப் போதாது. கனமான பிளாஸ்டிக் தாளைச் சுற்றி டேப் போட்டுக் கட்டி, அதன் மேல் டப்பாவைக் கவிழுங்கள். ஏர் ஃபில்டர் பக்க வாயையும் அப்படியே அடைத்து, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பை போடுங்கள். நிறம் மாறும் ரகமாக இருந்தால் நல்லது. நிறம் மாறினால் சூடு காட்டி உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம்.

எதை அடைத்தாலும் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டி, என்னென்ன அடைத்திருக்கிறது என்று எழுதித் தொங்கவிடுங்கள்.

இன்ஜினைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறோம். சரிதானே?

எப்படி மூடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இன்ஜின் மேல் ஒட்டினாற்போலப் போர்த்தி, கீழ்ப்பக்கம் திறந்திருந்தால், பில்ஜ் ஈரம் ஏறி உள்ளேயே வியர்க்கும். வெளியில் போக வழியில்லை. மேலே கூரை போலக் கட்டி, நான்கு பக்கமும் காற்று போகவிடுவது நல்லது. பகலில் இன்ஜின் ரூம் மூடியைத் திறந்து வையுங்கள், சாயங்காலம் மூடுங்கள்.

ஜிங்க் கட்டைக்கு பெயிண்ட் அடிக்கலாமா?

கூடாது. ஜிங்க் தன்னைக் கரைத்துக்கொண்டுதான் புரொப்பல்லரையும் ஷாப்ட்டையும் காக்கிறது. பெயிண்ட் அடித்தால் கரையாது, காக்காது. பெயிண்டர் ஒரே இழுப்பில் அடித்துவிட்டுப் போவார், நீங்கள்தான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பாதி கரைந்ததை மாற்றுங்கள். மாற்றும்போது அது உட்காரும் இடத்தை வெறும் இரும்பு தெரியும் வரை சுரண்டுங்கள். நடுவில் பெயிண்ட் இருந்தால் ஜிங்க் அங்கே இருந்தும் இல்லாததுதான்.

தடைக்காலத்தில் படகில் வெல்டிங் செய்கிறோம். இன்ஜினுக்கு ஆபத்து உண்டா?

உண்டு. இரும்புப் படகில் வெல்டர் எர்த் கிளாம்பை அவருக்கு வசதியான இடத்தில் மாட்டுவார், பெரும்பாலும் இன்ஜின் பவுண்டேஷனில். வெல்டிங் நடப்பது பின்பக்க ரடரில் என்றால் அத்தனை கரன்டும் இன்ஜின், கியர் பாக்ஸ், ஷாப்ட் வழியாகப் பாயலாம். பேரிங்கில் ஆயில் படலத்தைத் தாண்டும்போது தீப்பொறி பறந்து, பேரிங் மேல் நுண்ணிய குழிகள் விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தொழிலுக்குப் போன பிறகு பேரிங் சத்தம் போடும். எர்த் கிளாம்ப், வெல்டிங் செய்யும் துண்டிலேயே, அதற்கு ஒரு முழம் பக்கத்தில் மாட்டப்பட வேண்டும். பேட்டரி ஒயர்களையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றிய பிறகே வெல்டிங் தொடங்கட்டும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷாப்ட் போட்டிருக்கிறோம். அது துருப்பிடிக்காதுதானே?

காற்றும் ஓடும் தண்ணீரும் படும் இடத்தில் பிடிக்காது. ஷாப்ட் படகை விட்டு வெளியேறும் ஸ்டெர்ன் டியூபுக்குள், தண்ணீர் உள்ளே வராமல் அடைக்கும் கிளாண்டு பேக்கிங்குக்கு அடியில், கடல்தண்ணீர் அசையாமல் நிற்கும் இடத்தில் பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குத் தன் மேல்தோலைப் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். பேக்கிங்குக்கு அடியில் அது தீர்ந்துவிடும். ஷாப்ட்டை உருவிப் பார்த்தால் மற்ற இடமெல்லாம் கண்ணாடி போல் இருக்கும், பேக்கிங் நின்ற இடத்தில் மட்டும் புழு அரித்ததுபோல் வளையம் வளையமாகக் குழி இருக்கும். புரொப்பல்லர் பக்கம் ஒட்டியிருக்கும் சிப்பிகளுக்கு அடியிலும் அப்படித்தான்.

படகைக் கரையேற்றினால் ஷாப்ட்டை உருவி, கழுவி, புது பேக்கிங் போடுங்கள். தண்ணீரிலேயே நின்றால் வாரம் ஒரு முறை ஷாப்ட்டைச் சுற்றிவிடுங்கள். கரையில் நிற்கும் படகின் ரப்பர் பேரிங்கில் ஷாப்ட்டைக் காய்ந்தபடி சுற்றாதீர்கள், முதலில் தண்ணீர் ஊற்றுங்கள்.

பேட்டரி?

கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். முழு சார்ஜில் 12.7 வோல்ட் காட்டும். 12.4க்குக் கீழே வந்தால் சார்ஜ் ஏற்றுங்கள். வெயில் காலத்தில் தானாகவே வேகமாக இறங்கும் என்பதால் மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். இன்ஜின் ரூமில் வைத்தே சார்ஜ் போடும் பழக்கத்தை விடுங்கள். அதிலிருந்து கிளம்பும் ஆசிட் புகையும் துருதான், வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும்.

விஞ்ச்சுக்கும் ஒயர் ரோப்புக்கும் வடித்த பழைய ஆயிலைப் பூசலாமா?

துறைமுகமெங்கும் நடக்கிறது, ஆனால் வேண்டாம். அந்த ஆயிலை இன்ஜினிலிருந்து எடுத்ததே அதில் அமிலமும் தண்ணீரும் இருப்பதால்தான். அதையே ரோப்புக்குப் பூசுவதில் என்ன நியாயம்? மழை பெய்தால் அது தளத்திலிருந்து கடலுக்கும் போகும். ரோப்பை டிரம்மிலிருந்து முழுதாக அவிழ்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, ரோப்புக்கென்றே வரும் கிரீஸைப் பூசிச் சுற்றுங்கள். ரோப்பின் உப்பு வெளிச்சுற்றில் மட்டும் இருக்காது, டிரம்மின் அடிச்சுற்றிலும் இருக்கும்.

எங்களுடையது ஃபைபர் நாட்டுப்படகு, அவுட்போர்டு இன்ஜின்.

நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பதால் உங்களுக்கு நீண்ட ஓய்வு கிடைப்பது அபூர்வம். காற்றுக்காலத்தில் நிறுத்தினால் நல்ல தண்ணீரில் ஓட்டி அலசி, நிமிர்த்தி நிறுத்தித் தண்ணீர் முழுதும் வடியவிடுங்கள். படுக்க வைத்தால் தேங்கிய தண்ணீர் சிலிண்டர் பக்கம் போகும். கியர் ஆயிலை மாற்றுங்கள், கார்புரேட்டரில் எரிபொருளை விட்டுவைக்காதீர்கள்.

61 நாளைத் தாண்டி, ஆறு மாதம், ஒரு வருடம் நின்றால்?

அப்போது காற்றையே உலர்த்த வேண்டும். சரக்குக் கப்பல்களை வேலை இல்லாமல் நிறுத்தும்போது இரண்டு வழி உண்டு. சில ஆட்களை வைத்து, ஜெனரேட்டரை ஓட்டி, இயந்திரங்களைச் சுற்றிக்கொண்டே வைத்திருப்பது ஹாட் லே-அப். எல்லாவற்றையும் அணைத்து, இன்ஜின் ரூமை அடைத்து, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்து ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே பிடித்து வைப்பது கோல்டு லே-அப். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை தன் உபரிக் கப்பல்களை இப்படித்தான் மூடி உலர்த்தி வைத்தது. நியூ ஜெர்சி என்ற போர்க்கப்பலை 1957ல் நிறுத்தி 1968ல் எடுத்தார்கள், 1969ல் மறுபடி நிறுத்தி 1982ல் மறுபடி எடுத்தார்கள். நீராவிக் கப்பல்களின் பாய்லருக்கும் இரண்டே வழிதான். ஆக்சிஜன் நீக்கிய தண்ணீரைக் கழுத்து வரை நிரப்ப வேண்டும், அல்லது சொட்டுத் தண்ணீர் இல்லாமல் உலர்த்த வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் நமக்குத் தெரிந்ததுதான். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கையின் மயிலிட்டி, காரைநகர் துறைமுகங்களில் கட்டி வைக்கப்பட்ட தமிழ்நாட்டுப் படகுகளுக்கு என்ன ஆனது? கழுவவில்லை, வடிக்கவில்லை, சுற்றவில்லை. வழக்கு முடிந்து விடுவிக்கப்பட்டாலும் பல படகுகள் கொண்டுவர முடியாத நிலையில்தான் இருந்தன. சில நின்ற இடத்திலேயே மூழ்கின.

படகில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைக்கக் கரண்ட் கிடைக்காது. ஆறு மாதத்துக்கு மேல் நிற்கும் என்று உறுதியாகத் தெரிந்தால், இன்ஜினைத் தூக்கி ஷெட்டில் வைப்பதுதான் நம் வசதிக்கு ஏற்ற வழி.

இதெல்லாம் செய்ய நேரமில்லை. மூன்றே மூன்று சொல்லுங்கள்.

ஆயிலைத் தடைக்கு முன் மாற்றுங்கள். கடல்தண்ணீரை வடித்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். புகைக்குழாயை அடையுங்கள். மூன்றும் ஒரே நாள் வேலை.

திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது என்ன பார்க்க வேண்டும்?

ஜூன் 14 ராத்திரி முதல் ஸ்டார்ட் போடாதீர்கள். அன்றைக்கு எந்த மெக்கானிக்கும் கிடைக்கமாட்டார், உதிரி பாகக் கடையில் நிற்க இடம் இருக்காது. ஒரு வாரம் முன்னதாகவே செய்யுங்கள்.

அடைத்ததையெல்லாம் எடுத்துவிட்டீர்களா என்று அந்தச் சிவப்புத் துணிச் சீட்டைப் பார்த்துச் சரிபாருங்கள். இம்பெல்லரை மாட்டி, கடல் வால்வைத் திறங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடியிருந்தால் தண்ணீரோ டீசலோ இறங்கியிருக்கிறது, ஸ்டார்ட் செய்யக்கூடாது. டீசல் ஃபில்டரின் அடிப் பிளக்கைத் திறந்து தண்ணீர் இருந்தால் வடித்து, ஏர் எடுத்துவிடுங்கள். கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். எங்காவது பிடித்தால் நிறுத்திக் காரணம் பாருங்கள், ஸ்டார்ட்டரைக் கொண்டு அடிக்காதீர்கள். பிறகு ஸ்டாப் லீவரை இழுத்தபடி ஸ்டார்ட்டரைச் சில நொடி சுற்றவிட்டு, ஆயில் பிரஷர் முள் அசைந்த பின் ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஓடத் தொடங்கியதும் முதலில் பிரஷர், அடுத்து கடல்தண்ணீர் வெளியே வருகிறதா என்பது. ஐந்து நிமிடம் ஐடில், அப்புறம் கியர் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வேகம். புது பேக்கிங் போட்டிருந்தால் கிளாண்டைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நட்டைத் தளர்த்துங்கள், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரட்டும். அரை மணி ஓட்டி நிறுத்தி, ஒழுகல் பார்த்து, ஹோஸ் கிளிப்களை இறுக்கி, டீசல் ஃபில்டரை இன்னொரு முறை திறந்து பாருங்கள். அடியில் கலங்கிய கசடு அப்போதுதான் வந்து சேர்ந்திருக்கும். ஒரு புது ஃபில்டரைக் கையோடு படகில் வைத்துக்கொண்டே முதல் தங்கலுக்குக் கிளம்புங்கள்.